இடப்பக்க வெயில்

முதலில் சிவந்தது இடக் கன்னம்தான். வலப் பக்கத்துப் பருக்கள் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருக்க, இடப் பக்கம் மட்டும் எரிந்து, அரித்து, பரு இருந்த இடமெல்லாம் கறுத்துப்போனது. ஒரே முகம், ஒரே மருந்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

நான் கண்டியில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள். முப்பது தாண்டியும் பரு என்னை விடவில்லை. தோல் டொக்டர் டொக்சிசைக்கிளின் (பருவின் வீக்கத்தைத் தணிக்கும் மாத்திரை) எழுதித் தந்து, "வெயில் படாமப் பாருங்கோ" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர், அந்த ஊர் வெயிலை நினைத்துச் சொல்கிறார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். வருடத்தில் பாதி நாள் குடையோடு திரிகிற நமக்கு வெயில் என்ன செய்துவிடும்?

போதாததற்கு என் சொந்த வைத்தியம் வேறு. கண்டியில் நாங்கள் இருக்கும் மஹய்யாவயில் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், ஆளாளுக்கு ஈரத்துணியோடு வெளியே ஓடுவோம். பருவும் அப்படிக் காய்ந்துவிடும் என்று நம்பி, காரின் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கன்னத்தை வெயிலுக்குக் கொடுத்தேன். முதலில் காய்ந்த மாதிரித்தான் இருந்தது. பிறகுதான் எரிச்சல்.

பழக்குகிறவருக்கென்று காரில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, பின்னால் வரும் வாகனங்களைப் பார்க்க. நான் அதைத் திருப்பிக் கன்னத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஒருநாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, என்னிடம் பழகும் றமீஸா காரை வலப்பக்கம் எடுத்தாள். பின்னால் பஸ். ஹோர்ன் கேட்ட பிறகே ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். மயிரிழையில் தப்பினோம்.

"மிஸ், பஸ் வார நீங்க காணல்லயா?" என்றாள் றமீஸா.

கறுத்த கன்னத்தோடு பஸ் கதையும் சேர, வீட்டில் அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "வெயில்ல சுத்துற வேலய விட்டுடு. நெழல்ல உக்காந்து செய்யிற வேலயா பாரு."

அந்தக் காரை விட்டுவிட்டு நான் என்ன செய்வேன்?

மறுபடி போனபோது டொக்டர் என் முகத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "வாகனத்தில இடப்பக்கம் இருந்தோ வேலை செய்யிறனீங்கள்?"

"ஆமா டொக்டர். எப்படித் தெரியும்?"

"உங்கட கன்னம் சொல்லுது."

அந்த மாத்திரை தோலை வெயிலுக்குச் சட்டென்று எரிய வைக்குமாம். குளிர்காற்று அடிப்பதால் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் சுடும். கண்ணாடியை ஏற்றினாலும் கதிர்களில் ஒரு பகுதி உள்ளே வந்துவிடும். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப வேலய விடணுமா?"

"வேலையை ஏன் விடுறீங்கள்? வெயிலை விடுங்கோ."

மாத்திரையை மாற்றினார். தோலின் துவாரங்களை அடைக்காத சன்ஸ்கிரீன் (வெயில் காப்புக் களிம்பு) எழுதித் தந்தார். ஒருதடவை பூசினால் போதாது, இடையிடையே மறுபடி பூச வேண்டும். உச்சிவெயில் நேரத்துப் பாடங்களைக் காலைக்கும் மாலைக்கும் மாற்றினேன். முதல்நாள் அள்ளிப் பூசிக்கொண்டு வந்து நின்றபோது, "கோயில் செவுத்துக்கு சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கடி" என்று அம்மா சிரித்தார். வேலையை விடச் சொன்ன அதே அம்மா இப்போது வாசலில் வழிமறித்து, "பூசுனியா?" என்று கேட்காமல் விடுவதில்லை.

உங்களுக்கும் இப்படி இருந்தால் ஒன்று சொல்கிறேன். பரு வருகிற வேகத்தில் கறை போகாது. மாதக்கணக்காகும். தினம் தினம் பார்த்தால் பைத்தியம்தான் பிடிக்கும். தோலுக்கு அவசரமே கிடையாது. வளைவில் கார் திரும்பும்போது வெயில் எந்தப் பக்கம் வரும் என்பது இப்போது கண்ணுக்குத் தெரியும் முன்பே என் கன்னத்துக்குத் தெரிந்துவிடுகிறது.

லைசன்ஸ் எடுக்கும் ட்ரயலுக்கு முன் றமீஸாவின் கடைசிப் பாடம். அதே பாலம். சின்னக் கண்ணாடியில் தூரத்திலேயே பஸ்ஸைக் கண்டேன்.

"பின்னால பஸ் வருது. அப்படியே இடப்பக்கமா போங்க."

அவள் இடப்பக்கத்தை விடாமல் நேராகப் போனாள். பஸ் எங்களைத் தாண்டிப் போனது, ஹோர்ன் அடிக்காமல்.

வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் நினைவு வந்தது, அன்று முழுவதும் என் கன்னத்தை நான் ஒருதடவைகூடப் பார்க்கவில்லை.