வீட்டு வயதும் ஸ்கூல் வயதும்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு வயது. அண்ணன் சீக்கிரம் படித்து முடித்து சீக்கிரம் வேலைக்குப் போகட்டும் என்று, அப்பா ஒரு வருடம் கூட்டிச் சொல்லி ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டார். பிறகு எனக்கும் அதே வைத்தியம். அந்தச் சாமர்த்தியத்தை அவர் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். வெளியாள் கேட்டால் ஸ்கூல் வயதைத்தான் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சட்டம்.

அண்ணன் பிளஸ் டூ முடித்த வருடம், நண்பன் ஓட்டிவந்த பைக்கில் பின்னால் ஏறி ஆவடி வரை போனான். அது திருட்டு பைக் என்று அங்கே போலீஸ் இருவரையும் பிடித்தது. வீட்டுக் கணக்கில் அவனுக்குப் பதினேழு. மார்க் ஷீட்டில் பதினெட்டு முடிந்திருந்ததால் பெரியவர்களோடு புழல் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா சோறு வடிப்பதை மறந்துபோனாள்.

கரையான்சாவடியில் அப்பாவுக்குத் தெரிந்த வக்கீல், பத்திரக் கேஸ் பார்ப்பவர். அண்ணன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சின்னப் பையனா கீறானே? கொரட்டூர்ல ஒரு மேடம் பசங்க கேஸா பாக்குறாங்க. பீஸ் வாங்க மாட்டாங்க" என்றார். காசு வாங்காத வக்கீல் எப்படி ஜெயிப்பார் என்று அம்மாவுக்குக் கொரட்டூர் போகும் ரயிலில் ஒரே சந்தேகம்.

அந்த மேடம் நேராகவே கேட்டார். "பதினெட்டு ஆவலன்னா சிறுவர் கோர்ட்டுக்கு மாத்தக் கேக்கலாம். அங்க ஜெயில் கெடையாது. நெஜமா என்ன வயசு அவனுக்கு?"

அப்பா மார்க் ஷீட் தேதியையே ஒப்பித்தார். உண்மையைச் சொன்னால் அந்த மார்க் ஷீட்டே செல்லாமல் போய்விடும் என்று பயந்தாராம், பிறகு அம்மா சொன்னாள். மேடம் ஃபைலை மூடிவிட்டார். அழும் நிலையில் இருந்த என்னிடம் பிஸ்கட் தட்டை நகர்த்தி, "உனக்கு என்ன வயசு பாப்பா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊட்டு வயசா ஆன்ட்டி, ஸ்கூல் வயசா?"

மேடம் மறுபடி ஃபைலைத் திறந்தார். அம்மா அடக்கிவைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள். பீரோவில் அண்ணனுடைய பிறப்புச் சான்றிதழ் இருப்பது வரை சொன்னாள். "மொதல்ல ஸ்கூல் தேதியத்தான் பாப்பாங்க, போராடணும்" என்ற மேடம் அப்பா பக்கம் திரும்பினார். "பொய் சொல்லித்தான் சேத்தேன்னு நீங்க கோர்ட்ல நின்னு சொல்லணும் சார்."

அப்பா அழுதார். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததில்லை.

அண்ணனைப் புழலிலிருந்து மாற்ற மழைக்காலம் வந்துவிட்டது. ஆனால் எனக்கு நினைவிருப்பது அன்று கொரட்டூரிலிருந்து திரும்பிய ரயில்தான். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவே பயமாக இருந்தது. வீட்டு ரகசியத்தை உடைத்துவிட்டேன், இனி அப்பாவையும் பிடித்துப் போவார்கள், அதனால்தான் என் கையை விடாமல் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இனிமே யார் கேட்டாலும் ஸ்கூல் வயசுதாம்ப்பா சொல்லுவேன்" என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் சொன்னதை நம்பவில்லையோ என்று இன்னொரு முறையும் சொன்னேன்.