அம்மாவின் வீடியோவுக்குச் சத்தம் வரவில்லை

தம்பியின் கல்யாண வரவேற்பில் தன்னைப் பற்றி ஒரு வீடியோ போட வேண்டும் என்று அம்மா கேட்டபோது நான் நம்பவில்லை. அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டுகிற டெய்லர். அப்பா போன பிறகு எங்கள் இருவரையும் படிக்க வைத்தது அந்த மெஷின்தான். ஆனால் அம்மாவின் அண்ணன், தாராபுரத்தில் தோட்டம் துரவோடு இருக்கிற என் மாமா, "தங்கச்சி திருப்பூர்ல சொந்தமா யூனிட் வெச்சிருக்குதுங்க" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். தங்கை கூலிக்குத் தைக்கிறாள் என்றால் அவர் கௌரவம் குறைந்துவிடுமாம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மாதான் "போச்சாது உடு அம்மிணி" என்று அடக்குவாள்.

இப்போது அவளே சொன்னாள். "சம்பந்தி ஊட்டுக்காரங்க எல்லாம் வருவாங்க. நான் என்ன வேலை செய்யறேன்னு அவுங்க பாக்கோணும். பொய் சொல்லிப் பொண்ணெடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

நான் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரர்களுக்கு மெயில் போட்டே விரல் தேய்ந்தவள். வீடியோ எடிட்டிங் நானாகக் கற்றுக்கொண்டது. அம்மாவின் கம்பெனியில் அனுமதி வாங்கி, அவள் தைப்பதையும் கூட வேலை செய்பவர்கள் அவளைப் பற்றிப் பேசுவதையும் போனில் பிடித்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டினேன். என் கைவேலை என்பதற்காகச் சொல்லவில்லை, அருமையாக வந்திருந்தது.

வரவேற்பு அன்று மதியம் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துவிட்டு, "பக்கத்து மெஷின் ஒடிசாப் புள்ளையைக் காணோமே? அவளை உட்டுப்போட்டு என்ன படம்?" என்றாள். சரி, சேர்த்துவிடலாம் என்று எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்தேன். ஐயோ! ஒரு காட்சிகூட இல்லை. வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள். ஓட்டிப் பார்த்தால் வெறும் கறுப்பு.

கம்ப்யூட்டரைத் திட்டினேன். அதைக் கண்டுபிடித்தவனைத் திட்டினேன். "அக்கா, மண்டபத்துக்கு நேரமாச்சு" என்று வந்து நின்ற தம்பியை, கல்யாண மாப்பிள்ளை என்றும் பார்க்காமல் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது. எங்கள் வேலையில் ஓர் ஆர்டர் கப்பல் ஏறிவிட்டால், அதன் ஃபைல்களை எல்லாம் 'ஷிப்மெண்ட் முடிந்தது' என்ற ஃபோல்டருக்குள் தள்ளிவிடுவோம். கைக்கு அது பழகிப்போச்சு. முதல் நாள் வீடியோ முடிந்ததும் அம்மாவையும் அப்படியே தள்ளிவிட்டிருக்கிறேன்! எடிட்டிங்கோ அவளைப் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. பெற்றவளையே ஏற்றுமதி செய்துவிட்டேனே என்று சிரிப்பு வந்தது. ஒவ்வொரு கட்டத்துக்கும் புது இடத்தைக் காட்டிக் காட்டி எல்லாவற்றையும் மீட்டேன். ஒடிசாப் பெண்ணையும் சேர்த்து, புது வீடியோவைப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினோம்.

மண்டபத்துப் பெரிய திரையில் அம்மா பளிச்சென்று வந்தாள். சத்தம்தான் வரவில்லை. மெஷின் ஊமையாக ஓடியது. கூட வேலை செய்யும் பெண்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா விறுவிறுவென்று என்னிடம் வந்து, "அதைய நிறுத்து கண்ணு, பந்திக்கு நேரமாச்சு" என்றார். அவர் முகத்தில்தான் எவ்வளவு நிம்மதி!

"ரெண்டு நிமிசம் பொறுங்க மாமா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்துக் கம்ப்யூட்டரின் முன் குனிந்தேன். வால்யூம் முழுசாக இருந்தது. வயர் சரியாக இருந்தது. வேறு பிளேயரில் திறந்தேன், அதிலும் ஊமைதான்.

அப்போது ஸ்பீக்கரில் அம்மாவின் குரல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், அவளே மேடையேறி மைக்கை வாங்கியிருந்தாள்.

"சத்தம் வரலீங்க, நானே சொல்லிப்போடறனுங்க. இது நான் வேலைக்குப் போற பனியன் கம்பெனிங்க. அது என்ற மெஷினு. எனக்கு யூனிட்டெல்லாம் இல்லீங்க. இதுல உக்காந்துதான் என்ற பொண்ணையும் பையனையும் ஆளாக்குனேன். இந்தப் புள்ள ஒடிசாக்காரிங்க, காய்ச்சல்ல நான் படுத்துக் கெடந்தப்ப கஞ்சி வெச்சுக் குடுத்தவ."

சம்பந்தியம்மா எழுந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மாமா தரையைப் பார்த்தபடி நின்றார். ஒரு பொய்யும் இல்லாமல், கொஞ்சமும் குரல் நடுங்காமல் அவள் பேசிக்கொண்டே போனாள். அந்த நேரம் பார்த்துத்தான் கோளாறு என் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் சத்தத்தை மண்டபத்து ஸ்பீக்கருக்கு அனுப்பாமல், ஸ்பீக்கரே இல்லாத அந்தத் திரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. ஒரு கிளிக்கில் சரியாகிவிடும். மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

கைதட்டல் அடங்கியதும் அம்மா இறங்கி நேராக என்னிடம் வந்தாள். "ஏம்மிணி, இத்தனை நாளாக் கம்ப்யூட்டரும் கையுமா உக்காந்திருந்தியே, ஒரு சத்தத்தை வரவெக்கத் தெரியலியா உனக்கு?"

"தெரியலீங்கம்மா" என்றேன், அத்தனை பெருமையோடு.