பச்சை விளக்கு பரீட்சை வைத்த கதை

ஆய்வகத்தில் அவருக்குப் பச்சை விளக்கு என்று பெயர். மைக்ராஸ்கோப்பை இயக்குவதுதான் வேலை. அல்சைமர் நோயில் மூளைச் செல்கள் எப்படிக் கெடுகின்றன என்று அங்கே ஆராய்ந்தார்கள். இரும்பு துருப்பிடிப்பதுபோல ஆக்ஸிஜன் செல்லை உள்ளுக்குள் அரிப்பதை ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்பார்கள். தட்டில் வளர்த்த செல்களில் அந்த நோயில் மூளையில் படிகிற புரதத்தைப் போட்டு, ஒரு சாயத்தையும் விட்டு, நீல ஒளி பாய்ச்சினால் அரிக்கிற இடம் பச்சையாக ஒளிரும். அதைப் படம் எடுப்பவர் இவர். எடுத்ததோடு நிற்பாரா? டீ குடிக்கப் போகிறவர்களை எல்லாம் வழிமறித்துக் காட்டுவார். கேட்பவர்களுக்கு நோபல் பரிசு அடுத்த தெருவரை வந்துவிட்டதென்றே தோன்றும்.

இந்த அலட்டலுக்கு அடியில் ஒரு பயம் கிடந்தது. இவரை வளர்த்து ஆளாக்கிய அக்காவுக்கே அந்த நோய். தன்னையும் மறந்துவிடுவாளோ என்பதுதான் அந்தப் பயம். அதனால் தினமும் சாயங்காலம் அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து பரீட்சை வைப்பார்.

"அக்கா, நான் யாரு, சொல்லு பாப்போம்."

அக்கா விரல்களைப் பிசைவாள்.

"சரி, இன்னிக்கு என்ன கிழமை? போன வாரம் நாம எங்க போனோம்?"

அவள் கண் கலங்கும். "விடு மச்சான், பாவம்," என்பார் அக்காவின் கணவர். விஞ்ஞானி விடுவாரா? நேற்றைய பதிலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா? படம் எடுக்கிற ஆளுக்கு அவ்வளவு மிதப்பு.

ஒருநாள் ஆய்வகத்தின் தலைவி படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

"புரதம் போடாத தட்டையும் இதே அளவு நேரம் பாத்தீங்களா?"

"அதுல என்ன மேடம் இருக்கப்போகுது? சும்மா எட்டிப் பாத்து ஒரு படம் எடுத்துட்டேன்."

"புரதம் போட்டதை?"

"அதை ரசிச்சு ரசிச்சுப் பாத்தேன்."

மேடம் புரதம் போடாத தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து நீல ஒளியை அணைக்காமல் விட்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் பச்சைப்பசேலென்று ஒளிர்ந்தது.

"இந்தச் சாயம் வெளிச்சம் பட்டாலே மாறும். உங்க படத்துல இருக்கற பச்சையில பாதிக்கு மேல நீங்க உத்துப் பாத்ததால வந்தது."

மாதக்கணக்கில் எடுத்த படங்கள் அத்தனையும் குப்பை. மேடம் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் பஸ் ஏறினார். பாதி வழியில், கேள்வி கேட்கும்போதெல்லாம் அக்கா பிசையும் விரல்கள் ஞாபகத்துக்கு வந்தன. அட மடையா, அங்கேயும் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அன்றைக்கு அக்கா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். இவரும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். நான் யாரு என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த பட்டாணியை வாயில் போட்டு அதை அடைத்தார். வாயை மூடிக்கொண்டிருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு இதுவரை தெரியாது.

ரொம்ப நேரம் கழித்து அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"டேய் தம்பி, நீ வந்தது நல்லதாப் போச்சு. தினமும் யாரோ ஒருத்தன் வந்து கேள்வி கேட்டே என் உயிரை வாங்கறான். உங்க மாமாவும் கண்டுக்க மாட்டேங்கறார். நீயாவது அவனை வர வேண்டாம்னு சொல்லு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சொல்லிடறேன்க்கா," என்றார். "இனிமே அவன் வர மாட்டான்."