புளித்த மாவுக்கு ஒதுங்கிய வல்லரசுகள்

எல்ஸ்கேயும் போரும் ஒரே வயது. மதத்துக்காக மூண்ட அந்தப் போர், முப்பதை நெருங்கியும் புத்தி வராமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. எல்ஸ்கே அதற்குள் விதவையாகி, மூன்ஸ்டர் நகரில் கறுப்பு ரொட்டி சுட்டுப் பிழைத்தாள். எந்தப் படை வந்தாலும் அவள் முதலில் ஒளித்துவைத்தது நகையை அல்ல, புளித்த மாவை. நகை இல்லை என்பதும் ஒரு காரணம்.

சமாதானம் பேச ஐரோப்பாவே மூன்ஸ்டரில் வந்து இறங்கியிருந்த வருடம். ஒரு காலையில் அவள் வாசலுக்கு நேரே, குறுகிய சந்தில், பிரெஞ்சுத் தூதரக வண்டியும் ஸ்பானியத் தூதரக வண்டியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. பின்வாங்குகிற வண்டி தன் அரசனை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடும். ஆகவே இரண்டும் அசையவில்லை. மதியமும் ஆயிற்று.

அடுப்பு எதிர்வீட்டில். வீட்டிலிருந்த கடைசித் தானியமெல்லாம் மாவாகி, எல்ஸ்கேயின் தள்ளுவண்டித் தொட்டியில் விளிம்பு தாண்டிப் பொங்கிக்கொண்டிருந்தது. இன்று சுடாவிட்டால் குளிர்காலம் முழுக்கப் பட்டினி.

குதிரைகளின் வயிற்றுக்கு அடியில் குனிந்து எதிர்வீட்டிலிருந்து கொழுந்தன் பெர்ன்ட் கத்தினான். "அண்ணி, அடுப்பு ஆறுது! சீக்கிரம் வாங்க!"

"பறந்தா வர்றது?" என்றவள் பிரெஞ்சு வண்டிக்காரனிடம் திரும்பினாள். "ஏன்யா, நீங்களும் மாதாவைக் கும்பிடறீங்க, அவங்களும் மாதாவைக் கும்பிடறாங்க. அப்புறம் என்ன சண்டை?"

"அது மதம்மா. இது மரியாதை."

"அப்ப என் புருஷன் எதுக்குச் செத்தாரு? மதத்துக்கா, மரியாதைக்கா?"

அவன் சாட்டையைத் துடைக்க ஆரம்பித்தான்.

எல்ஸ்கே இடுப்பில் கைவைத்து முழங்கினாள். "எங்க ஊரு வழக்கம் தெரியாதா? பொங்கின மாவு எதிர்ல வந்தா பிஷப் வண்டியே ஒதுங்கும்! மாவுக்கு ஒதுங்கினா எவனுக்கும் ஒதுங்கினதா ஆகாது!"

அப்படியொரு வழக்கம் அந்த நொடிவரை மூன்ஸ்டரில் கிடையாது.

இரு வண்டிகளுக்குள்ளும் சட்டம் படித்தவர்கள் குசுகுசுத்தார்கள். மாவுக்கு அரசன் இல்லை. எனவே அவமானமும் இல்லை.

"யாரு முதல்ல?" என்றான் ஸ்பானிய வண்டிக்காரன், விடாமல்.

"கோயில் மணி அடிச்சதும் ரெண்டு பேரும் சேர்ந்து!"

மணி அடித்தது. பிரெஞ்சு வண்டி அளவாகப் பின்வாங்கியது. ஸ்பானியக் குதிரைகளோ மணியோசைக்கு மிரண்டு, சந்தின் முனையைத் தாண்டி, சதுக்கத்தையும் தாண்டிப் பின்வாக்கிலேயே போய்விட்டன. ஐரோப்பாவின் தலைமை மாட்ரிடிலிருந்து பாரிசுக்கு மாறியதற்குப் படை, பணம் என்று பெரியவர்கள் பல காரணம் சொல்வார்கள். சந்துக்காரர்கள் நேரில் பார்த்தவர்கள்.

இரண்டு வல்லரசுகளுக்கு நடுவே, தலை நிமிர்ந்து, எல்ஸ்கே மாவைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுப்பு இன்னும் சூடாகவே இருந்தது.

"அண்ணி, இப்ப ஐரோப்பாவுல யாரு பெரியவன்?" என்றான் பெர்ன்ட், கடைசி ரொட்டியை அடுப்புக்குள் தள்ளியபடி.

"சந்துல முதல்ல போனது யாரு?"

"நீங்கதான்."

"அப்புறம் என்ன கேள்வி? அடுப்பை மூடு."