தாமல் ஏரிக்கு வந்த சாம்பல் வாத்து

மார்கழி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஆறு மணிக்கு மதுரைப் பேருந்து எங்களைக் காஞ்சிபுரத்தில் இறக்கிவிட்டது. பட்டு வாங்க வருகிறவர்கள் உண்டு, கோயில் பார்க்க வருகிறவர்கள் உண்டு. நாங்கள் வந்தது ஒரு வாத்துக்காக.

தாமல் ஏரியில் சாம்பல் வாத்து ஒன்று தனியாக மேய்வதாக என் கணவரின் நண்பர்கள் படம் அனுப்பியிருந்தார்கள். சைபீரியப் பக்கமிருந்து குளிருக்கு இறங்கி, வட இந்தியாவோடு நின்றுவிடும் இனம். தமிழ்நாட்டில் தென்பட்டால் வழிதவறி வந்ததாகத்தான் இருக்கும். அப்படி வரும் விருந்தாளி ஒன்றையாவது நம் மண்ணில் பார்த்துவிட வேண்டும் என்பது இந்த மனிதரின் வாழ்நாள் ஆசை. கோடியக்கரைக்கும் கூந்தன்குளத்துக்கும் ஓடியிருக்கிறோம். இவர் போய்ச் சேர்ந்தால் பறவை முந்தின நாளே கிளம்பியிருக்கும். பொங்கல் முடிந்ததும் இவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. இனி ஏரிக்கரை நடையெல்லாம் சந்தேகம்தான். அதனால் இந்த முறை முணுமுணுக்காமல் கூட வந்தேன்.

ஆட்டோக்காரர் அன்பு, போய்த் திரும்ப அறுநூறு ரூபாய் கேட்டார். பேரம் பேசும் பொறுமை இவருக்கு இல்லை. மேற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனதும் திருப்புட்குழி.

"இங்க பெருமாள் ஜடாயுவ மடியில வச்சிக்கினு உக்காந்திருப்பாரும்மா. பாத்துட்டுப் போலாம்," என்றார் அன்பு என்னிடம்.

"பெருமாள் எங்கயும் போயிர மாட்டாரு. வாத்து போயிரும்," என்றார் இவர்.

தாமல் ஏரிக்கரையில் ஏழெட்டுப் பேர் கேமராவோடு எங்களுக்கு முன்பே நின்றார்கள். பனி விலகியதும், கோரைக்கு அப்பால் தெரிந்தது. சாம்பல் உடல், ஆரஞ்சு அலகு. தொலைநோக்கியை இவர் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. "பாத்துட்டேன்," என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் பொறாமையும்தான்.

அப்போது ஒரு பெண் கரைக்கு வந்து, வாயருகே கையைக் குவித்தார். இவர் பதறிப்போய், "அம்மா, சத்தம் போடாதீங்க. பறந்திரும்," என்றார்.

"நேத்தும் இதான் சொன்னாங்க சார். கவர்மென்ட்டு ஆளுங்கன்னு நெனச்சிக்கினு திரும்பிப் போய்ட்டேன். அது எங்க வாத்து சார்."

அவர் பெயர் கலா. திருப்புட்குழியில் தறி போட்டிருக்கிறார். விடியற்காலையில் பட்டு இழைகளைத் தெரு நீளத்துக்குப் பாவாக இழுத்துக் கட்டும்போது, நாயும் ஆடும் குறுக்கே புகாமல் விரட்டுவது இந்த வாத்துதானாம்.

"ஜோடி சேக்கலாம்னு இங்க தங்கச்சி வூட்ல வுட்டேன். ஏரில எறங்கிடுச்சு. கரைக்கு வர்ற நேரம் பாத்து இவங்க கேமராவத் தூக்கிக்கினு ஓடியாராங்க, அது உள்ள போய்டுது. நாளைக்குப் பாவு போடணும் சார்."

கேமராக்காரர்களில் ஒருவர் சுத்தமாக இருந்த லென்சைத் துடைக்க ஆரம்பித்தார். இவர் மறுபடி தொலைநோக்கியில் பார்த்தார். தொங்கும் வயிறு, கனத்த பின்பக்கம், வீட்டு வாத்தின் அடையாளம் எல்லாம் இப்போது தெரிந்திருக்க வேண்டும். அதுவரை ஆசை கண்ணை மறைத்திருந்தது. மெதுவாகத் தொலைநோக்கியைக் கீழே இறக்கி, "எல்லாரும் பின்னால போங்கப்பா. அவங்க கூப்பிடட்டும்," என்றார்.

"ராஜா, வாடா," என்று கலா குரல் கொடுத்தார். அது நேரே நீந்தி வந்து அவர் புடவையை அலகால் இழுத்தது.

வாத்தைப் பேருந்தில் ஏற்றமாட்டார்கள் என்று கலா தயங்கினார். இவர்தான் எங்கள் ஆட்டோவில் ஏறச் சொன்னார். வழியில் ராஜா கலாவின் பிடியிலிருந்து நழுவி, என்னைத் தாண்டி, இவர் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இவர் அசையவே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, மனசும் வலித்தது.

"இத்தனை வருசமா எட்ட நின்னேதான் பாத்திருக்கேன். ஒண்ணுகூட எங்கிட்ட வந்ததில்ல," என்றார் ஊர் நெருங்கும்போது.

கலா வீட்டில் ராஜாவை விட்டு, காபி குடித்து, கோயிலுக்குப் போனோம். அர்ச்சகர் தீபத்தைத் தாழ்த்திப் பெருமாளின் மடியைக் காட்டினார். அங்கே ஜடாயு இருந்தார். இவர் வெகுநேரம் கும்பிடக்கூட மறந்து நின்றார்.

வெளியே வந்தபோது, இவருடைய கெட்டுப்போன முழங்காலின் மேல் ஒரு சாம்பல் இறகு ஒட்டியிருந்தது. தட்டிவிடக் கை நீட்டினேன்.

"இருக்கட்டும்," என்றார்.