பிரபுவின் மெத்தைப் பள்ளம்

கடற்கரை மாளிகையைக் கட்டிய பிரபுவுக்கு இரண்டே ஆசைகள். ஊரில் யாருக்கும் இல்லாத பெரிய வீடு வேண்டும். அதைப் பார்த்து ஊரே வயிறெரிய வேண்டும். அதனால் சாலையைப் பார்த்த முகப்பில் தூண்களை வரிசையாக நிறுத்தினார். பளிங்கு என்று நம்பித் தட்டிப் பார்த்தால் உள்ளே செங்கல். மாடிச் சன்னல்களில் பாதி, சுவரில் சாயத்தால் வரைந்தவை. நடன மண்டபத்தின் கூரை ஓவியத்தில் கடல் தேவதைகள் நீந்துவார்கள். அவர்களைத் துரத்தி வரும் சுறாவுக்கு மட்டும் பிரபுவின் மாமியார் முகம்.

அவருடைய ஜம்பத்தின் உச்சம் கடலறை. மாளிகையின் பின்பக்கம், கல் வளைவுகளின் மேல், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் படுக்கையறை அது. மூன்று பக்கம் சன்னல், நடுவில் நான்கு கால்களும் தூணாக உயர்ந்த கட்டில், அதன்மேல் குதிரைமயிர் அடைத்த மெத்தை. பிரபு அலைகளின் தாலாட்டில் உறங்கினார் என்று மாளிகைக் கையேடு சொல்கிறது. சமையல்காரர்கள் வாய்வழியாக வந்த சேதி வேறு. முதல் நாளே அலை வளைவுக்குள் புகுந்து தரையைத் தொம் தொம் என்று இடித்ததும், தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய பிரபு, மாவு மூட்டை அடுக்கும் அறையில் போய்ப் படுத்தாராம். சாகும்வரை அங்கேதான். காலையில் விருந்தாளிகள் வருவதற்குள் கடலறைக்கு வந்து, கட்டிலில் சாய்ந்து ஒரு கொட்டாவி விட்டுக் காட்டுவாராம்.

ஆக, அந்தக் கட்டிலில் உண்மையாகவே தூங்கியது ஒரே ஆள்தான். அது பிரபு இல்லை, சீமாட்டி.

சீமாட்டி என்பது டிக்கெட் கொடுப்பவர் வைத்த பட்டப்பெயர். மாளிகை காட்சியகமாக மாறிய பிறகு கடலறைக் காவலுக்கு வந்தவள் அவள். நீலச் சீருடை, ஒரு நாற்காலி, "கயிற்றைத் தாண்டாதீங்க" என்ற ஒரு வாக்கியம். இவ்வளவுதான் அவள் உத்தியோகம். புருஷன் ரொட்டிக்கடைக்காரன். குடியிருப்பு கடைக்கு மேல்மாடி. மாவு பிசையும் இயந்திரம் விடிய விடியத் தொம் தொம் என்று கீழே இடிக்கும். இருட்டோடு எழுந்து ரொட்டி அடுக்கி, பெண்கள் இரண்டு பேருக்கும் தலைவாரி அனுப்பி, மாமனாருக்கு மருந்து கொடுத்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு ஓடி வருவாள். வீட்டில் அவளுக்குத் தூக்கம் வரும், நேரம்தான் வராது.

மாளிகையை மதியம் ஒரு மணி நேரம் மூடுவார்கள். ஒருநாள் செருப்பு வாரைச் சரிசெய்யக் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். கீழே அலை இடித்தது. பிரபுவை விரட்டிய அதே சத்தம் அவளுக்குப் பழகிய மாவு இயந்திரம் போலக் கேட்டது. ஒரு வித்தியாசம், இங்கே ரொட்டி அடுக்கக் கூப்பிட யாரும் இல்லை. கதவு திறக்கும் மணி அடித்தபோதுதான் கண் விழித்தாள். அன்றிலிருந்து வருஷக்கணக்காக அதே கட்டில், இடது பக்கமாக, முழங்கால் மடக்கி, கன்னத்தின் கீழ் கை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படுப்பாள். மரியாதை என்று ஒன்று இருக்கிறதல்லவா. எழுந்ததும் விரிப்பை இழுத்து மூடிவிடுவாள்.

புது மேலாளர் வந்தார். அவர் கடலறையைப் பார்க்க வந்த அன்று பார்த்து விரிப்பு சலவைக்குப் போயிருந்தது. மெத்தையில் இடுப்பு, தோள், முழங்கால் எல்லாம் அச்சு வார்த்தது போல் பள்ளமாகக் கிடந்தன. தன் கதை முடிந்தது என்று சீமாட்டி நினைத்தாள். அவரோ குரலைத் தணித்து, கோயிலில் பேசுவது போலப் பேசினார்.

"இத்தனை வருஷமா இது யார் கண்ணுலயும் படலையா? பிரபு படுத்த தடம்மா இது."

வாயைத் திறந்தால் வேலை போகும். அதனால் மூடிக்கொண்டாள். மூடினால் எது போகும் என்று அப்போது அவளுக்குத் தெரியவில்லை.

பள்ளத்துக்குப் பக்கத்தில் விளக்கப் பலகை வைத்தார்கள். பத்திரிகையில் படம் வந்தது. கூட்டம் வாசல்வரை வரிசை கட்டியது. தொப்பியைக் கழற்றிவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டவர்கள் உண்டு. புதுமாப்பிள்ளை ஒருவன், பெரிய மனிதர்கள் எல்லாம் இடது பக்கம்தான் படுப்பார்கள் என்று மனைவிக்கு விளக்கினான். இந்தக் கூட்டத்தை விட மனமில்லாத மேலாளர் மதிய இடைவேளையை ரத்து செய்தார். சீமாட்டியின் தூக்கமும் ரத்தானது. அதோடு விட்டாரா? கட்டிலைச் சுற்றிக் கண்ணாடிப் பெட்டி போடப் போவதாகவும், பிரபுவின் கொள்ளுப்பேரனே வந்து திறந்து வைப்பதாகவும் அழைப்பிதழ் அடித்துவிட்டார்.

அவள் புருஷனிடம் சொல்லி அழப் போனாள். அவன் சிரித்த சிரிப்பில் மேலெல்லாம் ஒட்டியிருந்த மாவு உதிர்ந்தது.

"உன் இடுப்பைப் பாக்க டிக்கெட்டா? இத்தனை வருஷம் நான் ஓசியிலயா பாத்துட்டு இருந்தேன்?"

"சிரிக்காதீங்க. பெட்டி போட்டுட்டா எனக்கு ஏது தூக்கம்?"

"உண்மையைச் சொல்லிடாதே. வேலை போனா பகல்லயும் இங்கதான் ரொட்டி அடுக்கணும்."

ஆனால் மெத்தை சும்மா இருக்கவில்லை. மேலே ஆள் படுக்காத குதிரைமயிர், ஈரக்காற்றைக் குடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. முதலில் முழங்கால் காணாமல் போனது, பிறகு தோள். மேலாளர் சன்னல்களை மூடினார், விசிறி வைத்தார், மணல் மூட்டையை வைத்து அழுத்திப் பார்த்தார். பிரபு மூட்டையாகத் தெரிந்தாரே தவிர, பிரபுவாகத் தெரியவில்லை. திறப்பு விழாவுக்கு முந்தின நாள் காலை, அவர் சீமாட்டியின் நாற்காலியிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். யாரோ மெத்தையைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள், காவல் இருந்தது நீங்கள்தான், நாளைக்கு நான் அவமானப்பட்டால் நாளை மறுநாள் நீங்கள் வரவே வேண்டாம் என்றார்.

சொன்னாலும் போகும், சொல்லாவிட்டாலும் போகும் என்று ஆன பிறகு அவளுக்குப் பயம் விட்டுவிட்டது.

"யாரும் தட்டல சார். படுக்காததாலதான் எழும்புது."

"யார் படுக்காததால?"

"நான்."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொல்ல அவளுக்கும் தெம்பு இல்லை. செருப்பைக் கழற்றினாள், கயிற்றைத் தாண்டினாள், இடது பக்கமாகப் படுத்து முழங்காலை மடக்கினாள். "இப்படித்தான் சார்" என்று காட்டிவிட்டு உடனே எழுந்துவிடுவதாகத்தான் உத்தேசம். கீழே அலை தொம் தொம் என்றது. தூங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

கண் திறந்தபோது வெயில் சன்னல் மாறியிருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெளியே 'பராமரிப்பு நடக்கிறது' என்ற அட்டை தொங்கியதைப் பிறகுதான் பார்த்தாள். மேலாளர் கட்டிலருகே குனிந்து, அவள் எழுந்த இடத்தை வைரம் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள், இடுப்பு, முழங்கால், எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. அவர் அவளைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். கையில் சுருட்டிப் பிடித்திருந்த அழைப்பிதழையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"தினமும் மதியம் ஒரு மணி நேரம்" என்றார். "புரண்டு படுக்காதீங்க."

மறுநாள் கொள்ளுப்பேரன் வந்தார். படகு எஞ்சின் வியாபாரி. கோட்டு கொஞ்சம் இறுக்கம். கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு வைத்திருந்தார்கள், சாவி சீமாட்டியின் இடுப்பில் தொங்கியது. மைக்கைப் பிடித்த கொள்ளுப்பேரன் பிரபுவின் வீரத்தில் ஆரம்பித்து விவேகத்துக்கு வந்து, முடிக்க வழி தெரியாமல் வளைய வளைய வந்துகொண்டிருந்தார். நடுவில் நெகிழ்ந்துபோய் அவள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? எங்க வம்சத்து இடுப்பு. என் அக்காவுக்கும் அச்சு அசல் இதேதான்."

"ஆமாங்க, நல்லாத் தெரியுது" என்றாள்.

"எனக்கு ராத்திரியில கண்ணே மூடாது. இவர் மட்டும் இந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கினாரோ."

கூடத்துக் கடிகாரம் அடித்தது. மேலாளர் இருமினார். பராமரிப்பு நேரம் ஆகிவிட்டது, எல்லாரும் தயவுசெய்து வெளியே வாருங்கள் என்றார். விவேகத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கொள்ளுப்பேரனும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே போனார்.

சீமாட்டி அறைக்கதவைச் சாத்தினாள். கண்ணாடிப் பெட்டியின் பின்கதவைத் திறந்தாள். செருப்பைக் கழற்றி, இரண்டையும் ஒழுங்காக ஓரத்தில் சேர்த்து வைத்தாள்.