முடியாத வேண்டுதலை முடித்துவைத்தவர்

வேலூரிலிருந்து வந்த ட்ரங்க் கால் எதிரேயிருந்த மெடிக்கல் ஷாப்புக்குத்தான் வந்தது. கடைக்காரர் சாலையைக் கடந்து வந்து வாசலில் நின்றபடியே, "சார், பாய் போய்ட்டாருங்க" என்றார். எந்த பாய் என்று நான் கேட்கவில்லை. திருவண்ணாமலைத் தேரடித் தெருவில் செருப்புக் கடை வைத்திருந்த ஜாபர் பாய் சில வாரங்களாக வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். "சரிங்க" என்று மட்டும் சொன்னேன். சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பவே வெகுநேரம் ஆயிற்று.

அவரை உங்களில் பலருக்கு நன்றாகத் தெரியும். பேரம் பேசினால், "குறைச்சுக்கலாங்க, முதல்ல உக்காருங்க" என்பார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது பேரம் மறந்துபோயிருக்கும். பக்கத்துத் தெருப் பள்ளிவாசலுக்குக்கூட மொபெட்டில்தான் போவார். கேட்டால், "நானும் நடந்தா, நடக்கிறவங்களுக்கு யாரு செருப்பு விக்கிறது?" என்பார். அந்த மனிதர் நேபாளத்தில் மலையேறினார் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். நான் கூடப் போனவன். அதை மட்டும் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை.

எழுபதுகளின் கடைசியில் என் மனைவி கமலா படுத்த படுக்கையானாள். அவள் எழுந்து நடக்கும்வரை காலில் செருப்புப் போடுவதில்லை என்று அண்ணாமலையாரிடம் வேண்டிக்கொண்டேன். பௌர்ணமி தவறாமல் கிரிவலமும் போனேன். நம் ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. அவள் எழுந்து நடக்கவில்லை; படுக்கையிலேயே போய்விட்டாள். நடந்திருந்தால் ஒரு தேங்காயை உடைத்துவிட்டுச் செருப்பை மாட்டியிருப்பேன். பலிக்காமல் போன வேண்டுதலை எப்படி முடிப்பது என்று யாரும் சொல்லவில்லை. குருக்களிடம் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை. அதனால் வெறுங்காலோடே இருந்துவிட்டேன். நான் வேலை பார்த்த பள்ளிக்கும் வெறுங்கால், சித்திரை வெயிலிலும் வெறுங்கால். ஹெட்மாஸ்டர் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தார். தினமும் மாலையில் என்னோடு டீ குடித்த ஜாபர் பாய் மட்டும் என் காலைப் பார்த்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. செருப்பு விற்கிறவர் அவர்.

இரண்டு வருடம் போல இப்படியே போனது. ஒருநாள் டீக்கடையில் அவர்தான் பேச்செடுத்தார். சென்னையிலிருந்து ஒரு குழு நேபாளத்துக்கு நடைப்பயணம் போகிறதாம். குருங் இனத்தார் வாழும் மலைக் கிராமங்கள் வழியாக, வழிகாட்டியோடு. நடுத்தரச் சிரமம்தான் என்று போட்டிருக்கிறார்களாம்.

"வாங்க சார், முழுப்பரீட்சை லீவுல போய்ட்டு வரலாம். எனக்கு உருது வரும், உங்களுக்கு இங்கிலீஷ் வரும். அப்புறம் இன்னா?"

வேண்டாமென்றேன். விடவில்லை. "கிரிவலம் சுத்துற ஆளு நீங்க. உங்களுக்கு இதெல்லாம் ஒரு நடையா?" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது திருவண்ணாமலைக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தவறு. மலையைச் சுற்றிச் சுற்றி வந்து, மலை நமக்குப் பழக்கம் என்று எண்ணிக்கொள்கிறோம். நாம் நடப்பது என்னவோ சமதளத்தில்தான்.

போக்ரா நகரத்தைத் தாண்டியதும் கற்படிகள் ஆரம்பித்தன. ஏறினால் ஒரு கிராமம். அப்புறம் ஆறுவரை இறக்கம். எதிரே மறுபடியும் ஏற்றம். கற்பலகை வேய்ந்த வீடுகளின் முற்றத்தில் மக்காச்சோளக் கதிர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குக் கேழ்வரகுக் களி கொடுத்தார்கள். "நம்மூரு களி நமக்கு முன்னாடி வந்து உக்காந்திருக்கு பாருங்க" என்றார் பாய். ஏற்றத்தில் எல்லோருக்கும் கடைசியாக மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவரும் அவர்தான். "நடுத்தரம்னு எவன் சார் எழுதினான்? யாருக்கு நடுத்தரம்னு கேக்காம வந்துட்டோமே!" நான் சிரித்தேன். கமலா போனபின் சிரித்த ஞாபகமே எனக்கில்லை.

சில நாளில் என் பாதம் கிழிந்து வீங்கிவிட்டது. வழிகாட்டி தில் பகதூர் இந்திய ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், இந்தி பேசுவார். காலைப் பார்த்துவிட்டு, மறுநாள் என்னைக் கூடையில் உட்காரவைத்து ஒரு சுமைகூலியின் முதுகில் கீழே அனுப்பிவிடலாம் என்றார். நடக்க முடியாதவர்களை அங்கே அப்படித்தான் கொண்டுபோவார்களாம். வெட்கமாக இருந்தது. செத்தாலும் செருப்பு மாட்டமாட்டேன் என்ற வீம்பும் இருந்தது.

அந்தக் கிராமத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் மேளச்சத்தம் கேட்டது. மூங்கில் சட்டத்துக்கு வெள்ளைத் துணி சுற்றி, ஒரு பெண்ணின் நகைகளை அணிவித்து நிறுத்தியிருந்தார்கள். லாமாக்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். தில் பகதூர் சொல்லச் சொல்ல, பாய் எனக்குத் தமிழில் சொன்னார்: "அந்தம்மா போயி ஒரு வருசம் ஆச்சாம். இதுவரைக்கும் வீட்டையே சுத்திக்கினு இருந்தாங்களாம். இன்னிக்கு வழி சொல்லி அனுப்பி வெக்கிறாங்க. நாளையிலேர்ந்து துக்கம் கெடையாதாம். அதோ, அவருதான் புருசன்."

அந்த மனிதர் வந்தவர்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்தபடி இருந்தது. கை நிற்கவில்லை.

பாய் தன் பையைத் திறந்து பழுப்பு நிற கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடியை எடுத்து என் முன்னால் வைத்தார். ஊரிலிருந்தே சுமந்து வந்திருக்கிறார்.

"எழுந்து நடக்கிற வரைக்கும்னுதானே வேண்டிக்கினீங்க? கமலாம்மா இனிமே நடக்கமாட்டாங்க சார். அது முடிஞ்சு போச்சு. சாமியே விட்டுட்டாரு, நீங்கதான் விடல. பாவம், கால் மேல இன்னா கோவம்?"

"இதைச் சொல்லவா பாய் இவ்ளோ தூரம் இழுத்துக்கினு வந்தீங்க?"

"ஊர்ல சொன்னா, செருப்பு விக்கப் பாக்குறான்னு நெனைப்பீங்களே!"

நான் வாய்விட்டு அழுதேன். அவர் வெந்நீர் வாங்கி வந்து பாதத்தைக் கழுவித் துணி சுற்றி, கடையில் பிள்ளைகளுக்கு மாட்டுவது போலக் குந்தி உட்கார்ந்து மாட்டிவிட்டார். "டைட்டா இருக்கா, சரியா இருக்கா?" என்று வழக்கம்போலக் கேட்டார். மறுநாள் காலையில் நான் கூடை இல்லாமல் நடந்தேன். ஊர் திரும்பியபின் அவர் இதைப் பற்றி ஒருவரிடமும் பேசவில்லை. இமயமலையில் வாத்தியார் தன்னிடம் தோற்றுப்போனார் என்று மட்டும் டீக்கடையில் அளந்துவிடுவார். நானும் மறுக்கமாட்டேன்.

ஆனால் எனக்குப் புத்தி வரவில்லை. அவரை வேலூருக்குக் கொண்டுபோன அன்று, அவர் நல்லபடியாக வீடு திரும்பும்வரை காபி குடிப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன். அடக்கம் முடிந்த மறுநாள் காலை மருமகள் வழக்கம்போலக் கேட்டாள், "மாமா, இன்னிக்காவது காபி போடட்டுமா?" வாய் தானாக வேண்டாமென்றது. அவள் உள்ளே போனபின் யோசித்தேன். போதும் சார் என்று சொல்ல இனி எனக்கு யார் வரப்போகிறார்கள்? சொல்ல வேண்டியவரைத்தான் நேற்று மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தோம்.

"போடும்மா" என்றேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு சொல்லைச் சொல்லும் துணிச்சல்தான். காபி கசந்தது. டம்ளரைக் காலி செய்து கீழே வைத்துவிட்டுத்தான் அழுதேன்.